மனித மேம்பாட்டு அறிக்கை தயாரிக்கும் திட்டக்குழுக்களுக்கும் புள்ளியியல் துறைகளுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

ஆயுள், கல்வி, வருமானம் என்ற மூன்று கூறுகளையும் ஒரே எண்ணாக்கிச் சொல்வது மனித மேம்பாட்டுக் குறியீடு. வளரும் நாடொன்றில் அது ஏறினால், அறிக்கையின் முதல் பக்கத்திலேயே அதைப் போட்டுவிடுகிறீர்கள். எந்தக் கூறு ஏறியது என்பது பின்னிணைப்பின் அட்டவணைக்குப் போய்விடுகிறது. எங்கள் முறையீடு அதைப் பற்றித்தான்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். பிறக்கும் குழந்தைக்கு எதிர்பார்க்கப்படும் ஆயுள் 70; இன்று பள்ளியில் சேரும் குழந்தை படிக்கும் என எதிர்பார்க்கப்படும் கல்வியாண்டுகள் 12; 25 வயது நிரம்பியவர்களின் சராசரிக் கல்வியாண்டுகள் 6; வாங்குதிறன் சமநிலையில், அதாவது நாடுகளுக்கிடையிலான விலை வேறுபாட்டைச் சரிசெய்து, தலா வருமானம் 8,000 டாலர். ஆயுளை 20க்கும் 85க்கும் இடையில் வைத்தும், இரு கல்வி எண்களையும் முறையே 18, 15 என்ற உச்சங்களால் வகுத்துச் சராசரி எடுத்தும், வருமானத்தை 100 முதல் 75,000 வரை மடக்கையிலும் (லாகரிதம்) கணக்கிட்டால், மூன்றின் பெருக்கல் சராசரி, அதாவது மூன்றையும் பெருக்கி எடுத்த கனமூலம், 0.648. இனி அந்த 12ஐ மட்டும் 13 ஆக்குங்கள். 0.659 வரும். இதே ஏற்றத்தை ஆயுளால் பெற 70 வயது 72.6 ஆக வேண்டும். வருமானத்தால் பெற 8,000 ஏறத்தாழ 10,050 ஆக வேண்டும். மூன்றில் எது மலிவு என்று சொல்லத் தேவையில்லை.

அந்த 13 எங்கிருந்து வருகிறது? வயதுவாரியான சேர்க்கை விகிதங்களின் கூட்டலிலிருந்து. பதிவேட்டில் பெயர் இருந்தால் போதும், பிள்ளை வகுப்பில் இருக்க வேண்டியதில்லை. ஒரே வகுப்பில் இரண்டாம் முறை உட்காரும் பிள்ளையும் ஓராண்டைக் கூட்டிவிடுகிறது. தோல்வி இங்கே முன்னேற்றமாகப் பதிவாகிறது! சராசரிக் கல்வியாண்டு இந்த விளையாட்டுக்கு அவ்வளவு எளிதில் இடம் கொடுக்காது. இன்று ஆறு வயதில் சேரும் குழந்தை அந்தக் கணக்குக்குள் வரவே 19 ஆண்டுகள் ஆகும். ஆட்சியில் இருப்பவர்களுக்கு அது பிடிக்காமல் போவதும் அதனால்தான்.

ஆகவே சேர்க்கையிலிருந்து ஒரே வகுப்பில் மீண்டும் படிப்போரைக் கழித்து, இரு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடுங்கள். முன்னறிவிப்பில்லாத ஒரு நாளில் தலைகளை எண்ணிப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு பத்தியைக் கொடுத்து வாசிக்கச் சொல்லி, முடிந்தவர்களின் விகிதத்தையும் மாவட்டவாரியாக அறிக்கையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆயுளிலும் ஓட்டை உண்டு. பிறந்த சில நாளில் இறக்கும் குழந்தை பல இடங்களில் பிறப்புப் பதிவேட்டிலும் இல்லை, இறப்புப் பதிவேட்டிலும் இல்லை. மீதியை மாதிரிக் கணக்கெடுப்பும் மதிப்பீடும் நிரப்புகின்றன. முதல் 28 நாளுக்குள் நேரும் ஒவ்வொரு இறப்புக்கும் இரு பதிவேடுகளிலும் தனித்தனிப் பதிவு போட உத்தரவிடுங்கள். முதலிரண்டு ஆண்டுகளில் சிசு மரண விகிதம் ஏறியதுபோல் தோன்றும். அந்த ஏற்றத்துக்காகப் பதிவு செய்த ஊழியரைக் கண்டிக்காதீர்கள். கண்டித்தால் அடுத்த ஆண்டு பதிவேடு மறுபடி சுத்தமாகிவிடும்.