அந்த நெட்புக்கை டெபியன் 13-க்கு ஏத்திடாத மாப்ள

டேய் மாப்ள,

எப்படிடா இருக்க? வீட்ல எல்லாரும் சௌக்கியமா, குட்டிக்கு பரீட்சை முடிஞ்சிதா? இங்க எல்லாரும் நல்லா இருக்கோம், அம்மாவுக்கு முட்டி வலி மட்டும் அப்படியே இருக்கு. பொங்கலுக்கு வரேன்னு சொல்லிட்டு நீ வராம போனதுக்கு நேர்ல வச்சுக்கறேன், இப்ப விஷயத்துக்கு வரேன்.

ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரே நாள்ல ஆளுக்கு ஒண்ணு வாங்கினோமே, ஆட்டம் என்270 ப்ராசஸர் போட்ட நெட்புக், உன்னோடது இன்னும் கடைல பில் போட ஓடுதுன்னு மொட்டை சொன்னான். அதுல விண்டோஸ் மாதிரி ஒரு ஓஎஸ், டெபியன் லினக்ஸ் தானே இருக்கு? தயவுசெஞ்சு அதோட 13-ம் வெர்ஷனுக்கு அப்கிரேட் பண்ணிடாதடா.

என்னோடது சித்தப்பாகிட்ட இருக்குல்ல, சித்தி போனதுல இருந்து சாயங்காலம் ஆனா மனுஷன் அதுலதான் உக்காந்து ஊர் கதையெல்லாம் எழுதறார், ஏரி, மதகு, எந்த வாய்க்கால் எங்க போச்சுன்னு, தமிழ்99 லேஅவுட்ல கீபோர்டை பாக்காமலே அடிப்பார். போன மாசம் ஹார்ட் டிஸ்க் போயிடுச்சு. ஃபைல்லாம் பென்டிரைவ்ல இருந்ததால தப்பிச்சோம். சின்னதா ஒரு எஸ்எஸ்டி மாட்டி, புது டெபியனை பூட் பண்ணேன். கருப்பு ஸ்க்ரீன்ல ரெண்டு வரி, இந்த கெர்னலுக்கு (ஓஎஸ்ஸோட அடித்தளம்) எக்ஸ்86-64 சிபியு வேணும், இங்க இருக்கறது ஐ686 தான்னு. அதோட நின்னுடுச்சு.

அதாவது அது 64-பிட் கேக்குது, நம்ம என்270 வெறும் 32-பிட்டு. 2025 ஆகஸ்ட்ல வந்த 13-ல 32-பிட்டுக்கு இன்ஸ்டாலரும் கிடையாது, கெர்னலும் கிடையாது, ஐ386ங்கற 32-பிட் பேக்கேஜெல்லாம் 64-பிட் மெஷின்ல பழைய புரோகிராம் ஓட்டறதுக்கு மட்டும் வச்சிருக்காங்க. உபுண்டு 2017-லயே 32-பிட் டெஸ்க்டாப் ஐஎஸ்ஓவை நிறுத்திட்டாங்க, அப்புறம் நாம நம்பி இருந்தது டெபியனைத்தான்.

சரின்னு 12-ஓட நெட்இன்ஸ்ட் (மீதியை நெட்ல இருந்து இறக்கற சின்ன இன்ஸ்டாலர்) போட்டேன். அது ஏறிச்சு, ஆனா வைஃபை வரல. 12-ல ஃபர்ம்வேர் (வைஃபை மாதிரி சிப்பை ஓட்டற சின்ன புரோகிராம்) எல்லாம் கூடவே வருதுதான், இதுல இருக்கற பிராட்காம் வைஃபையோட பி43 டிரைவருக்கு வேணுங்கறதை மட்டும் லைசென்ஸ் பிரச்சனையால டெபியன்காரங்க சேத்து குடுக்க முடியாது, நெட்ல இருந்துதான் இறக்கணும். வைஃபை வர நெட் வேணும், நெட் வர வைஃபை வேணும்! கடைசில போனை கேபிள்ல மாட்டி யுஎஸ்பி டெதரிங் போட்டேன், இன்ஸ்டாலர் அதை நெட்வொர்க் கார்டுன்னே எடுத்துக்கிச்சு. உனக்கு எப்பவாவது போட வேண்டி வந்தா இதை ஞாபகம் வச்சுக்கோ. லேசான எல்எக்ஸ்டிஇ டெஸ்க்டாப்பே போதும், ஐபஸ்-எம்17என்ங்கற டைப்பிங் பேக்கேஜ் போட்டா தமிழ்99 அதுலயே வந்துடுது, லிப்ரெஆபிஸ் கொஞ்சம் மெதுவா தெறந்தாலும் தெறந்தப்புறம் தடங்கல் இல்லாம ஓடுது.

ஆனா மனசு ஆறலடா. கீபோர்டுல ஒரு கீ போகல, ஸ்க்ரீன்ல ஒரு கோடு இல்ல, திடகாத்திரமா இருக்கற மெஷினை ஆளாளுக்கு வேணாங்கறாங்க. 32-பிட் லினக்ஸுக்கு குரோம் 2016-லயே போச்சு. ஃபயர்பாக்ஸும் 144-ஓட 32-பிட் லினக்ஸை விட்டுட்டாங்க, 140 ஈஎஸ்ஆர்ங்கற நீண்டகால வெர்ஷன் மட்டும் 2026 செப்டம்பர் வரைக்குமாவது ஓடும்னு சொல்லியிருக்காங்க. டெபியன்காரங்க மேல எனக்கு கோவம் இல்ல, சம்பளம் வாங்காம உழைக்கற ஜனம், டெஸ்ட் பண்ண ஆளும் இல்ல மெஷினும் இல்லன்னா அவங்கதான் என்ன செய்வாங்க. இருந்தாலும் சித்தப்பா மாதிரி ஆளுங்களுக்கு பழகின கீபோர்டு தான் எல்லாமே, எழுபத்தஞ்சு வயசுல புதுசை குடுத்து பழகிக்கோங்கன்னு எப்படிடா சொல்றது? இப்போதைக்கு நெட்டை எடுத்துட்டு எழுதறதுக்கு மட்டும்னு வச்சா அது இன்னும் வருஷக்கணக்கா ஓடும், அதைத்தான் செய்யப் போறேன்.

நீ இன்னைக்கே ஒரு வேலை பண்ணு. டெபியன் எங்க இருந்து அப்டேட் எடுக்கணும்னு சொல்ற சோர்ஸஸ் லிஸ்ட் ஃபைலை தெறந்து பாரு, அதுல ஸ்டேபிள்னு இருந்தா புக்வார்ம்னு (12-ஓட பேரு) மாத்திடு, இல்லன்னா ஒருநாள் அப்டேட் குடுக்கறப்ப தானா 13-ஐ இழுத்துக்கும், கடை பில்லோட நிப்ப. அப்புறம் உன்கிட்ட 2 ஜிபி டிடிஆர்2 ரேம் ஒண்ணு சும்மா கெடக்குன்னியே, அதை சித்தப்பா அட்ரஸுக்கே கொரியர் போட்டுடு, 1 ஜிபியை வச்சுக்கிட்டு ரொம்ப முக்குது.

அன்புடன்,
உன் ரூம்மேட்