கால்குலேட்டர் வாங்கியாயிற்று, அப்புறம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

செம்பூரில் வீட்டிலேயே புள்ளியியல் டியூஷன் எடுக்கிறேன். ஐபி (இன்டர்நேஷனல் பக்கலோரியட்) என்ற சர்வதேசப் பள்ளிப் பாடத்திட்டத்தில் 'அப்ளிகேஷன்ஸ்' கணிதம் எடுத்தவர்களுக்குத் தேர்வின் எல்லாத் தாள்களுக்கும் கிராஃபிங் கால்குலேட்டர், அதாவது திரையில் வரைபடமும் போட்டுக் காட்டும் கால்குலேட்டர், வேண்டும். அந்த விலைக்கு ஒரு சுமாரான ஸ்மார்ட்போனே வாங்கிவிடலாம். பெற்றோரும் முணுமுணுத்துக்கொண்டே வாங்கித் தருகிறார்கள். என் மாணவி ஒருத்தியின் பள்ளி, மாடல் பெயரை எழுதிக் கொடுத்ததோடு சரி.

லோக்கல் ரயில் 4, 6, 8, 10, 12 நிமிடங்கள் தாமதம் என்று வைத்துக்கொள்வோம். இவ்வகைக் கால்குலேட்டர்களில் ஒன்றான டிஐ-84 கருவியில் 'ஸ்டாட்' பொத்தானை அழுத்தி, எல்1 பட்டியலில் இவற்றை ஏற்றி, 'ஒன்-வார் ஸ்டாட்ஸ்' (ஒரே பட்டியலுக்கான கணக்குகள்) கேட்டால் சராசரி 8 என்று வரும். அதன் கீழே, எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று சொல்லும் திட்ட விலக்கம் இரண்டு வரும்: எஸ்எக்ஸ் 3.16, சிக்மாஎக்ஸ் 2.83. சராசரியிலிருந்து உள்ள வித்தியாசங்களின் வர்க்கங்களைக் கூட்டி, வகுத்து, வர்க்கமூலம் எடுப்பதுதான் கணக்கு; முதலாவது, எண்கள் மாதிரி மட்டுமே என்று கொண்டு 4-ஆல் வகுத்தது, மற்றது, இவையே முழுத் தரவு என்று கொண்டு 5-ஆல். இந்த ஐந்து நாட்கள் பல நாட்களிலிருந்து எடுத்த வெறும் மாதிரியா, முழுத் தரவா என்பது கருவிக்கு எப்படித் தெரியும்? பிள்ளைகளோ மேலே இருப்பதை அப்படியே எழுதிவிட்டு வருகிறார்கள்.

இன்னொரு தொல்லை, வரைபடப் புள்ளிகளுக்குக் கோடு பொருத்தும்போது ஒட்டுறவுக் கெழு (இரண்டு அளவுகள் எவ்வளவு நெருக்கமாகச் சேர்ந்து மாறுகின்றன என்று சொல்லும் எண்) திரையில் வராதது. கருவி பழுது என்று கடைக்கே கிளம்பிவிட்டான் ஒரு பையன்! மோடு மெனுவில் 'ஸ்டாட் டயக்னாஸ்டிக்ஸ்' ஆன் செய்தால் போதும்.

கருவியை எதிர்ப்பவள் அல்ல நான். எண்களைப் புள்ளிகளாக இடும் சிதறல் வரைபடத்தை நொடியில் காட்டுவது பெரிய வசதிதான். ஆனால் வாங்கச் சொல்லும் பள்ளிகள், இதுபோன்ற ஐந்து எண்களுக்கு முதலில் கையால் கணக்குப் போடவைத்து, பிறகு பொத்தான்களைக் காட்ட நாலு பீரியடாவது ஒதுக்கட்டும். பெற்றோர் கூட்டத்தில் இதைக் கேளுங்கள்.

- டியூஷன் ஆசிரியை, செம்பூர், மும்பை