மைக்கா கதவை அறுத்தால் ஓரம் பெயர்ந்தே தீருமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சமையலறைப் புதுப்பிப்பு குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, பழைய தரையின் மேலேயே புதிய டைல்ஸ் ஒட்டியதால் மேடைக்குக் கீழுள்ள கப்போர்டு கதவுகள் உரசினால் அவற்றைக் கழித்துவிட்டுப் புதிதாகச் செய்துகொள்வதே நல்லது என்றும், மைக்கா ஒட்டிய கதவை அறுத்தால் ஓரம் பெயர்வதைத் தவிர்க்க முடியாது என்றும் கூறுகிறது. மரவேலையில் இருப்பவன் என்ற முறையில் இதை என்னால் ஏற்க முடியவில்லை. ஓரம் பெயர்வது பெரும்பாலும் மைக்காவின் குறையன்று. அறுக்கும் முறையின் குறை.

பீனால் பிசினில் தோய்த்த பழுப்புக் காகிதங்களின் மேல் மெலமைன் பிசின் ஏற்றிய வண்ணக் காகிதத்தை வைத்து, சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக்கிச் செய்யப்படும் மைக்கா, வழக்கமாக 1 மி.மீ. தடிமனே உடையது, அதன் மேற்பரப்பு கடினமானது, ஆனால் எளிதில் நொறுங்கக்கூடியது. பிளேடின் பல் உள்ளே இறங்கும் பக்கத்தில் அடியிலிருக்கும் பலகை அதைத் தாங்கிக்கொள்கிறது. பல் வெளியேறும் பக்கத்தில் தாங்குவதற்கு எதுவும் இல்லாததால் அங்கேதான் சில்லு தெறிக்கிறது. கையில் பிடித்து ஓட்டும் கட்டர் மிஷினில் பல் கீழிருந்து மேலாக ஏறுவதால் கதவின் நல்ல முகம் கீழே இருக்க வேண்டும். மேசை ரம்பத்தில் இது நேர்மாறு. ஆனால் வேலையிடத்தில் நடப்பதென்ன? பென்சில் கோடு கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று நல்ல முகத்தையே மேலே வைத்து அறுக்கிறார்கள். பழி மைக்காவின் மேல் விழுகிறது.

உள்பக்கமும் மைக்கா ஒட்டிய கதவென்றால் இரு முகங்களையும் காக்க வேண்டும். இரும்பு ஸ்கேலை வைத்து மைக்கா கட்டர் என்னும் கீறு கத்தியால் கோட்டின் மேல் இரண்டு மூன்று முறை அழுத்திக் கீறி வண்ண அடுக்கை வெட்டிவிட்டு, கீறலுக்கு வெளியே, கழிவுப் பக்கமாகப் பிளேடை ஓட்டினால், தெறிக்கும் சில்லு கீறலோடு நின்றுவிடும். பல் வெளியேறும் மேல் பக்கத்தில் ஒரு வீண் பிளைவுட் துண்டை வைத்து சி கிளாம்பால் இறுக்கி இரண்டையும் சேர்த்து அறுப்பது இன்னும் நல்லது. கைபேசிக் காணொளிகள் மெச்சும் மாஸ்கிங் டேப் உதவும்தான், ஆனால் மழுங்கிய பிளேடை எந்த டேப்பும் காப்பாற்றாது. சட்டம் அறுக்கும் 24 பல் பிளேடைக் கழற்றிவிட்டு, 4 அங்குல மிஷினுக்கு 40 பல் கொண்ட கார்பைடு பிளேடைப் போடுவதே முதல் வேலை. அதன் பிறகும் 1 மி.மீ. மிச்சம் வைத்து, ஓரம் சீவும் ட்ரிம்மர் மிஷினால் மட்டப்பலகையை (நேர் விளிம்புள்ள பலகை) ஒட்டிச் சீவி எடுத்தால் ஓரம் வழுவழுப்பாக வரும். சீவி முடிக்கும் மூலையில் ஒரு துண்டுக் கட்டையை ஒட்டிப் பிடிக்காவிட்டால் பக்கவாட்டு ஓரம் பிய்ந்துவிடும்.

இவ்வளவு பாடு வேண்டாம் என்பவர்கள், கீல் திருகுகளைக் கழற்றிக் கதவுகளைப் பேனல் சா (பெரிய பலகைகளை அறுக்கும் இயந்திரம்) உள்ள பட்டறைக்குக் கொண்டுபோகலாம். அந்த இயந்திரத்தில் பெரிய பிளேடுக்கு முன்னால், எதிர்த்திசையில் சுழலும் சிறிய பிளேடு ஒன்று அடிமுகத்தில் 1 முதல் 2 மி.மீ. ஆழத்துக்குக் காடி (நீள் பள்ளம்) போட்டுச் செல்வதால் இரு பக்கமும் சுத்தமாக அறுபடும்.

கட்டுரை தொடாமல் விட்ட ஒன்று, அறுத்த பின் வெறுமையாக நிற்கும் கீழ் ஓரம். தினமும் தரை துடைக்கும் ஈரம் அதன் வழியே ஏறும். மரத்துகளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டோ, மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப்.போ ஆனால் விரைவிலேயே உப்பிவிடும். அன்றைக்கே பி.வி.சி. எட்ஜ் பேண்டு (ஓரத்தை மூடும் பட்டை) ஒட்டிவிட வேண்டும், 2 மி.மீ. பட்டை ஒட்டுவதாக இருந்தால், அந்த 2 மி.மீ.யையும் சேர்த்துக் கழித்தே கதவை அளக்க வேண்டும்.

இப்படிக்கு,
மரவேலை செய்யும் வாசகர் ஒருவர்,
மதுரை.