தெல்மா ரிட்டருக்கு ஓர் இடம்: ஆஸ்கர் அகாதெமியின் ஆளுநர் குழுவுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆளுநர் குழுவினருக்கு,

வணக்கம். 1950 முதல் 1962 வரை வெளிவந்த படங்களுக்காகச் சிறந்த துணை நடிகை விருதுக்கு ஆறு முறை பரிந்துரைக்கப்பட்டு, ஆறு முறையும் விருது பெறாமலே திரும்பிய தெல்மா ரிட்டரைப் பற்றி உங்களுக்கு எழுதுகிறேன். அவர் 1969-இல் மறைந்துவிட்டார். அவர் பெயரில் இப்போது ஓர் ஆஸ்கர் சிலையைக் கேட்பது என் நோக்கமன்று. லாஸ் ஏஞ்சலிஸில் 2021-இல் நீங்கள் திறந்த அருங்காட்சியகத்தில் துணை நடிகர்களின் கலைக்கென்றே நிரந்தரக் கூடம் ஒன்று வேண்டும் என்பதும், அது அவரிலிருந்து தொடங்க வேண்டும் என்பதுமே என் வேண்டுகோள்.

1902-இல் புரூக்ளினில் பிறந்த ரிட்டர், முறையாக நடிப்புப் பயின்று நாடகக் குழுக்களில் நடித்தார். பிள்ளைகளை வளர்ப்பதற்காக மேடையை விட்டு விலகினார். பிறகு வானொலி நாடகங்களில் குரல் கொடுத்தார். 1947-இல் 'மிரக்கிள் ஆன் 34த் ஸ்ட்ரீட்' படத்தின் மூலம் திரைக்கு வந்தபோது அவருக்கு வயது 45. மகன் கேட்ட பொம்மைக்காகக் கடை கடையாக ஏறி இறங்கிக் களைத்த ஒரு தாய், அது இன்னொரு கடையில் கிடைக்கும் என்று மேசீஸ் கடையின் கிறிஸ்துமஸ் தாத்தாவே சொல்லக் கேட்டுத் திகைத்து நிற்கும் சிறு வேடம் அது. படத்தின் பெயர்ப்பட்டியலில் அவர் பெயர் இடம்பெறவில்லை.

மூன்றே ஆண்டுகளில் 'ஆல் அபௌட் ஈவ்' வந்தது. மேடை நட்சத்திரத்தின் ஒப்பனை அறைப் பணிப்பெண்ணான பேர்டியாக நடித்த ரிட்டர்தான், ஈவ் என்ற பெண்ணின் பணிவுக்குப் பின்னால் வேறொன்று இருப்பதை முதலில் உணர்பவர். மற்றவர்கள் உருகிக்கொண்டிருக்கும்போது அவர் பார்க்கும் ஒரு பார்வையே நமக்கு எச்சரிக்கையாகிறது. படம் பாதியைக் கடந்ததும் அவர் காணாமல் போகிறார். எத்தனை முறை பார்த்தாலும் அந்த இடம் எனக்குக் குறையாகவே படுகிறது. அடுத்த ஆண்டின் 'தி மேட்டிங் சீசன்' படத்திலோ, மகனின் வீட்டில் மருமகளுக்கே தெரியாமல் சமையற்காரியாக வேலை பார்க்கும் தாயாக அவர் படம் முழுவதையும் சுமந்தார். அதற்கும் பரிந்துரை கிடைத்தது துணை நடிகை என்ற பிரிவில்தான்.

நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது 1953-இல் சாமுவேல் ஃபுல்லர் இயக்கிய 'பிக்கப் ஆன் சவுத் ஸ்ட்ரீட்' படத்தின் மோ என்ற பாத்திரத்தைப் பற்றி. கழுத்துப்பட்டி விற்றும், காவல்துறைக்குத் துப்பு விற்றும் காசு சேர்க்கும் முதியவள் அவள். அநாதைகளின் இடுகாட்டில் புதைக்கப்படாமல், தனக்கென வாங்கிய நிலத்தில் நல்லடக்கம் ஆக வேண்டும் என்பதற்காகவே அந்தச் சேமிப்பு. ஓர் இரவு தளர்ந்து அறைக்குத் திரும்பி, இசைத்தட்டை ஓடவிட்டுப் படுக்கும்போது, கொலைகாரன் அங்கே அமர்ந்திருப்பதைக் காண்கிறாள். ரிட்டர் அப்போது பயத்தை நடிக்கவில்லை. நாள் முழுவதும் தெருவில் நின்ற கால்களின் அலுப்பை நடிக்கிறார். சாவுகூட அன்றைய வேலைகளில் ஒன்று என்பதுபோல அவர் பேசிக்கொண்டிருக்க, கேமரா இசைத்தட்டை நோக்கி நகர்கிறது. வெடிச்சத்தம் மட்டும் கேட்கிறது. அந்த ஆண்டு விருது டோனா ரீடுக்குச் சென்றது. அவருக்கோ மற்ற ஐந்து முறை வென்றவர்களுக்கோ தகுதியில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்தக் காட்சியை நடித்தவருக்கு உங்கள் வரலாற்றில் வெறும் எண்ணிக்கை மட்டும் மிஞ்சியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

1954-இன் 'ரியர் விண்டோ'வில் ஹிட்ச்காக் அவருக்குச் செவிலி வேடம் கொடுத்தார். அதற்குப் பரிந்துரையே இல்லை. அந்த ஆண்டுப் படங்களுக்கு 1955-இல் நடந்த ஆஸ்கர் விழாவின் நியூயார்க் பகுதியை ரிட்டரே தொகுத்து வழங்கினார். 1958-இல் ஓர் இசை நாடகத்துக்காக முதன்மை நடிகைக்குரிய டோனி என்ற மேடை நாடக விருதை நடிகை க்வென் வெர்டனுடன் பகிர்ந்துகொண்டார். மேடை அவரை முன்வரிசையில் நிறுத்தியது.

துணை நடிகர் விருது 1936-ஆம் ஆண்டுப் படங்களுக்குத் தொடங்கியபோது, வென்றவர்களுக்கு நீங்கள் சிலை தரவில்லை, பட்டயம்தான் தந்தீர்கள். 1943-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்தே முழுச் சிலை கிடைத்தது. முதன்மைப் பாத்திரத்துக்கு அடுத்த படியில் நிற்பவர்கள் இவர்கள் என்ற எண்ணம் அதில் தெரிகிறது. தமிழில் இத்தகையோரைக் குணச்சித்திர நடிகர் என்போம். யாருக்கும் துணை நிற்பதைச் சொல்லாமல், ஒரு மனிதரின் குணத்தைத் தீட்டிக் காட்டுவதைச் சொல்லும் பெயர் அது. நடிகை ஹாட்டி மெக்டேனியல் துணை நடிகை விருதாக 1940-இல் பெற்ற பட்டயம் ஹோவர்ட் பல்கலைக்கழகத்திலிருந்து காணாமல் போனபின், 2023-இல் நீங்கள் மாற்றுப் பட்டயம் வழங்கினீர்கள். காலம் கடந்தும் செய்யத்தக்கது உண்டு என்று நீங்களே ஒப்புக்கொண்ட செயல் அது.

ஆகவே, நான் கேட்கும் கூடத்தில் ரிட்டருக்குப் பரிந்துரை பெற்றுத் தந்த ஆறு படங்களிலிருந்தும் காட்சிகள் இடம்பெற வேண்டும். மோவின் கடைசி இரவைத் துண்டாடாமல் முழுமையாகக் காட்ட வேண்டும். நுழைவாயிலை அடுத்த முதல் திரையில் 1947-இன் அந்தக் கடைக் காட்சி ஓடட்டும். அன்று போடாமல் விட்ட பெயரை அதன் கீழே போடுங்கள்.

இப்படிக்கு,
பழைய அமெரிக்கப் படங்களின் தமிழ் ரசிகர் ஒருவர்