பீட் துறவிக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி மடல்

வடகிழக்கு இங்கிலாந்தின் வேர்மவுத், ஜாரோ மடங்களின் பெரியோர்க்கும் பணியாட்களுக்கும் வணக்கம்.

ஏழு வயதில் மடத்தில் விடப்பட்ட பீட், 735இல் கண்மூடும்வரை அங்கேயே வாழ்ந்தார். அப்படி இருந்தும் 731இல் ஆங்கிலேயத் திருச்சபையின் வரலாற்றை எழுதி முடித்தார் என்றால், அவருக்காக அலைந்தவர்கள் நீங்கள்.

மடாதிபதி பெனடிக்ட் பிஸ்கப் அவர்களே, ரோமுக்குப் பலமுறை போய்வந்து நிறைய நூல்களைக் கொண்டுவந்தீர்கள். அவருக்குப் பின் மடாதிபதியான செயோல்ஃபிரித் அவர்களே, அந்த நூலகத்தை இரட்டிப்பாக்கினீர்கள். கேன்டர்பரி மடாதிபதி அல்பீனுஸ் அவர்களே, எழுதச் சொல்லித் தூண்டியவரே நீங்கள்தான். லண்டன் குரு நொத்ஹெல்ம் அவர்களே, திருத்தந்தையின் அனுமதியோடு ரோம் ஆவணங்களைத் துழாவி, முந்தைய திருத்தந்தை முதலாம் கிரகோரியாரின் கடிதங்களைக் கொண்டுவந்தீர்கள். அல்பீனுஸ், நொத்ஹெல்ம், உங்கள் இருவருக்கும் பீடே முன்னுரையில் பெயர் சொல்லி நன்றி கூறிவிட்டார்.

அதில் இடம்பெறாதவர்கள், நூல் எழுதும் ஏடுகளுக்காகத் தோல் பதப்படுத்தியவர்கள். உங்களுக்குத்தான் பெரிய கடன். கன்றுத்தோலை அலசிச் சுண்ணாம்பு நீரில் மூன்று முதல் பத்து நாள் ஊறப்போட வேண்டும், குளிர்காலத்தில் இன்னும் கூடுதலாக. நாள் குறைந்தால் மயிர் கழலாது, மிஞ்சினால் தோல் நைந்துவிடும். மயிரை வழித்து, மறுபடி நல்ல நீரில் ஊறவைத்துச் சுண்ணாம்பைப் போக்கிய பிறகு சட்டத்தில் இழுத்துக் கட்டுவார்கள். ஆணி அடித்தால் காயும்போது தோல் சுருங்கிக் கிழியும். அதனால் ஓரத்தில் சிறு கூழாங்கல்லை வைத்து மடித்து, கல்லைச் சுற்றிக் கயிறு கட்டி முளையில் முறுக்குவார்கள். பிறகு பிறைவடிவக் கத்தியால் சுரண்டல். கத்தி நேராக இருந்தால் முனை குத்திவிடும். விறைத்த தோலில் பட்ட சின்னக் கீறலும் வட்ட ஓட்டையாக விரிந்துகொள்ளும்.

மடத்தில் எழுதிய மூன்று முழு விவிலியங்களில் ஒன்று இன்றும் ஃபிளாரன்ஸில் இருக்கிறது: 1,030 ஏடுகள், 34 கிலோவுக்கு மேல். தோலுக்கு இரண்டு ஏடு என்றால் அதற்கு மட்டும் 515 கன்றுகள். செயோல்ஃபிரித் அதை ரோமுக்கு எடுத்துப் புறப்பட்டது 716இல். வழியில் பிரான்சின் லாங்ரஸில் அவர் காலமானார்.

சாகும் தறுவாயிலும் பீட் சொல்லச் சொல்ல எழுதிய சிறுவன் வில்பெர்ட்டுக்கும் நன்றி.

கடைசியாக, பின்னாளில் இதே மடங்களின் மடாதிபதியாக இருந்த கத்பெர்ட்டின் எழுத்தர்களுக்கு. 764இல் ஜெர்மனியின் மைன்ஸ் ஆயர் லுல் பீடின் நூல்களைக் கேட்டபோது, கடுங்குளிரில் கை ஓடவில்லை, அதனால் நிறைய அனுப்ப முடியவில்லை என்று கத்பெர்ட் எழுதினார். முடிந்ததை அனுப்பினீர்களே, அதுவே பெரிது. அதே கடிதத்தில் கண்ணாடிப் பாத்திரம் செய்யத் தெரிந்த ஆள் கிடைத்தால் அனுப்பச் சொல்லி ஒரு விண்ணப்பமும் வைத்தார்!

இப்படிக்கு,
பீடின் வாசகர்கள்