'கேஷ்' இரண்டு, காசு ஒன்று

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆங்கிலத்துக்குத் தமிழ் தந்த சொற்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, கட்டுமரம், சுருட்டு ஆகியவற்றோடு காசையும் சேர்த்து, ரொக்கத்தைக் குறிக்கும் 'கேஷ்' அதிலிருந்தே பிறந்தது என்கிறது. முதல் இரண்டும் சரி. மூன்றாவது பாதிதான் சரி.

ரொக்கம் என்னும் பொருளுள்ள 'கேஷ்', 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தில் நுழைந்தது. பெட்டியைக் குறித்த 'காப்சா' என்ற லத்தீன் சொல் இத்தாலியத்தில் 'காஸ்ஸா', பிரெஞ்சில் 'கேஸ்' என்றாகிப் பணப்பெட்டியைக் குறித்து, பிறகு பெட்டியிலுள்ள பணத்துக்கே பெயராயிற்று. 'நன்றாகக் கல்லா கட்டிவிட்டான்' என்று நாம் சொல்லும்போதும் பெட்டியையா நினைக்கிறோம்? மருந்துக் கடையில் வாங்கும் கேப்சூலும் அதே லத்தீன் பெட்டியின் குட்டிதான்.

தமிழ்க் காசிலிருந்து சென்றது வேறொரு 'கேஷ்'. ஆங்கில அகராதிகள் அதைத் தனிச் சொல்லாகவே பதிவு செய்கின்றன. போர்த்துகீசியர் காசைக் 'கைஷா' என்றனர். அவர்கள் மொழியில் பெட்டிக்கும் அதுவே பெயர் என்பதுதான் குழப்பத்துக்கு வித்து. அவர்கள் வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல் சிறு செப்பு நாணயத்தைக் குறித்தது. நடுவில் துளையுள்ள சீன நாணயத்துக்கும் ஆங்கிலேயர் அதையே வைத்தனர். எங்கள் கடலூரில் செயின்ட் டேவிட் கோட்டையைக் கைக்கொண்டிருந்த கிழக்கிந்தியக் கம்பெனி, சென்னைக் கணக்கேடுகளில் 80 கேஷ் 'பணம்' என்ற நாணயம் ஒன்று, 42 பணம் 'வராகன்' என்ற பொன் நாணயம் ஒன்று என்று எழுதியது. சென்னை மாகாணத்துக்காக இங்கிலாந்தில் அடித்த 1808ஆம் ஆண்டின் 10 கேஷ் நாணயத்தில், ஒரு பக்கம் கம்பெனியின் சின்னமும், மறுபக்கம் பாரசீக எழுத்தும், அதன்கீழ் ரோமன் எண்ணோடு 'கேஷ்' என்ற சொல்லும் இருக்கும். அவற்றை ஏற்றிய 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல் 1809 தொடக்கத்தில் இங்கிலாந்துக் கரையருகிலேயே மூழ்கியது. பின்னாளில் மீட்கப்பட்ட காசுகளை நாணயம் சேகரிப்போரிடம் இன்றும் காணலாம்.

பக்கத்துப் புதுச்சேரியில் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை. பிரெஞ்சுக்காரர் நம் காசைக் 'காஷ்' என்றும் பணப்பெட்டியைக் 'கேஸ்' என்றும் வேறுவேறாகவே எழுதினர். இரண்டையும் ஒரே எழுத்துக் கூட்டலில் அடைத்தது ஆங்கிலம்தான். சென்னை மாகாணத்தில் 1818இல் ரூபாய்க் கணக்கு வந்தபின் அங்கே நாணயக் 'கேஷ்' வழக்கொழிந்தது. பெட்டிக் 'கேஷ்' நிலைத்தது.

வெண்பாவின் ஈற்றுச் சீருக்கு 'நாள், மலர், காசு, பிறப்பு' என்று வாய்பாடு வகுத்த மொழிக்கு, பிறர் சொல்லைத் தனதென்று காட்டிப் பெருமை தேடவேண்டிய அவசியமில்லை. சான்றுள்ள நாணயத்தை விட்டுவிட்டுச் சான்றில்லாத ரொக்கத்துக்கு நாம் வழக்காடுவது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. கட்டுரையாளர் திருத்தம் எழுதினால், இரண்டு சொற்களையும் தனித்தனியே காட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.