ஏழு படங்களும் மற்ற படங்களும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ராபர்ட் மேப்பிள்தார்ப் பற்றிய கட்டுரை படித்தேன். இரண்டு தகவல்கள் பிசகியிருக்கின்றன. ஒரு கருத்தில் எனக்கு உடன்பாடில்லை.

ஆபாச வழக்கில் கோர்ட் படியேறியவர் மேப்பிள்தார்ப் அல்ல. 1989 மார்ச் 9 அன்றே, 42 வயதில், எய்ட்ஸ் அவரைக் கொண்டுபோய்விட்டது. வாஷிங்டன் கார்க்கரன் காலரி பயந்துபோய் அவருடைய கண்காட்சியை ரத்து செய்தது அந்த ஜூனில். 1990 ஏப்ரலில் அதே கண்காட்சி சின்சினாட்டிக்கு வந்தபோது வழக்கு பாய்ந்தது அங்கிருந்த கலை மையத்தின் மீதும் அதன் இயக்குநர் டென்னிஸ் பாரி மீதும். இருந்த 175 படங்களில் வழக்கில் சிக்கியவை ஏழு. அக்டோபரில் ஜூரி விடுதலை செய்துவிட்டது.

அடுத்தது, டார்க் ரூமில் அவரே பிரிண்ட் போட்டார் என்பது. இல்லை. வருஷக்கணக்காக அவருக்குப் பிரிண்ட் போட்டவர் டாம் பாரில். சிவப்பு பல்ப் வெளிச்சத்தில், ஹைப்போ நாற்றத்தில் பாதி ஆயுளைக் கழித்தவன் நான். அதனால் இதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. அந்தக் கருப்பு அப்படி அடர்ந்து விழுவது ஷட்டரை அமுக்கியதால் மட்டும் இல்லை.

இனி என் சண்டை. பூக்கள் கலை, மற்றவை வக்கிரம் என்று கட்டுரையாளர் கோடு கிழிக்கிறார். 1978-இல் மேப்பிள்தார்ப் 'எக்ஸ்' என்ற தொகுப்பையும் 'ஒய்' என்ற தொகுப்பையும் கொண்டுவந்தார். முதலாவதில் தோலுடையும் சங்கிலியுமான ஆண்களின் 13 படங்கள், அடுத்ததில் 13 பூக்கள். இரண்டையும் பார்த்தது ஒரே கண். அவருடைய லில்லியை நிதானமாகப் பாருங்கள்: மடல் மடிந்து திறக்கிற விதமும் நடுவில் விறைத்து நிற்கிற தண்டும். சாமி படத்துக்குச் சாத்துகிற பூவா அது?

கோர்ட்டில் சாட்சி சொன்ன கலை நிபுணர்களும் வேறொரு விதத்தில் இதே கோட்டைத்தான் கிழித்தார்கள். படத்தில் யார், என்ன செய்கிறார் என்பதை ஓரமாக வைத்துவிட்டு வெளிச்சம், கோடு, சமநிலை என்று பேசினார்கள். கேஸ் ஜெயிக்க அது உதவியது, சரி. ஆனால் மேப்பிள்தார்ப் லைட்டிங் பாடம் நடத்தவா அந்தப் படங்களை எடுத்தார்? தான் புழங்கிய நியூயார்க்கை, தன் சிநேகிதர்களை, தன் ஆசையை எடுத்தார். அதை மறைத்துவிட்டு அவரைக் காப்பாற்ற வேண்டியதில்லை.

அவரைக் குறை சொல்லவே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. பாலியஸ்டர் சூட் போட்ட கருப்பின ஆணை 1980-இல் எடுத்த படத்தில் ஆளுக்குத் தலையே இல்லை, உறுப்புதான் படம். க்ளென் லைகன் என்ற கருப்பினக் கலைஞர், மேப்பிள்தார்ப்பின் கருப்பின ஆண்கள் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்துச் சுவரில் மாட்டி, நடுவில் பலரும் சொன்ன கருத்துகளைத் தொங்கவிட்டார். வழக்குப் போட்டவர்கள் கேட்காத கேள்வி அதில் இருக்கிறது. கட்டுரையில் அவர் பெயரே இல்லை.

1988-இல் எடுத்த சுயபடத்தைப் பற்றியும் ஒரு வரி இல்லை. கருப்புச் சட்டை கருப்புப் பின்னணியோடு கரைந்துவிட, முகம் மட்டும் அந்தரத்தில் நிற்கிறது. முன்னால் கைத்தடியைப் பிடித்த முஷ்டி, தடியின் தலையில் சின்ன மண்டையோடு. ஃபோகஸ் முஷ்டியில் இருக்கிறது. முகம் கொஞ்சம் மசங்கல். என் கடையில் இப்படிக் கொடுத்திருந்தால் 'மூஞ்சி தெளிவா இல்லையே' என்று காசு தராமல் போயிருப்பார்கள். அடுத்த மார்ச்சில் ஆள் இல்லை என்று தெரிந்த பிறகு பார்த்தால் அந்த மசங்கலை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

அந்தப் படத்தை ஒரு முழுப் பக்கத்தில் போடுங்கள். ஆனால் அச்சகத்தில் சொல்லிவையுங்கள்: போன இதழில் லில்லிக்குப் பின்னால் இருந்த கருப்பு சாம்பலாக வெளுத்துவிட்டது.

இப்படிக்கு,
பழைய ஸ்டுடியோக்காரர் ஒருவர்,
கும்பகோணம்